குணா சாப்பிட்ட சோறு

குணசேகரன் இறந்த செய்தி சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஜிம்முக்கு மாலை நேரத்து ஆட்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தார்கள். பூந்தமல்லியில் கறிக்கடை வைத்திருக்கும் ஜப்பார் பாய் போன் செய்தார். நசரத்பேட்டை பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையில் குணாவின் பைக்கை ஒரு டிரெய்லர் லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டது என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிலாம் இல்ல மாஸ்டர். போய்ட்டாரு," என்றார்.

ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணன் கடைசி வரை கறி மட்டும்தானே சாப்பிட்டார், நெஞ்சில் ஏதாவது பிரச்சினையா என்று ஒருவர் கேட்டார். லாரி இடித்தது என்று மேலேயே எழுதியிருந்தேன். அதை அவர் படிக்கவில்லை. இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார்: சோறு தின்கிறவனுக்குத்தான் வண்டி ஓட்டும்போது கண் சொருகும், கறி தின்கிறவன் விழிப்பாக இருப்பான், எனவே தப்பு லாரிக்காரன் மேல்தான் என்று. அதற்கு ஆதரவாக நான்கு பேர், எதிர்ப்பாக மூன்று பேர். உடம்பு இன்னும் பிணவறைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அந்தச் சண்டையை இரண்டரை வருடத்துக்கு முன்னால் மூட்டிவிட்டவன் நான். அதனால்தான் இந்த அஞ்சலியை வேறு யாரையும் எழுதவிடாமல் நானே எழுதுகிறேன்.

குணாவை வெறும் பேனரில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். அவன் அப்பாவும் அங்கேயே வேலை பார்த்தவர், சேலம் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். குணா பிறந்ததும் வளர்ந்ததும் குவார்ட்டர்ஸில்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாற்பத்தேழு. என்னை ஊரெல்லாம் மாஸ்டர் என்று கூப்பிட்டாலும் அவன் மட்டும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டோம்.

ஜிம் தொடங்கும்போது புதுச் சாமான் வாங்க வழியில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கம்பியைக் கடைந்து வாங்கினோம். இரும்புத் தட்டுகளைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினோம். குணா ஒவ்வொரு தட்டையும் தராசில் ஏற்றினான். இருபது கிலோ என்று அச்சடித்திருந்த தட்டு பத்தொன்பதுகூட இல்லை. சுண்ணாம்புக்கட்டி எடுத்து அதன்மேல் உள்ளபடி எழுதினான். அப்படி எழுதினால் நம்மிடம் நூறு கிலோ தூக்குகிறவன் தொண்ணூற்றைந்துதானே தூக்கியதாக ஆகும், ஆள் வருவானா என்று நான் கேட்டேன். "வராட்டி போறான். கம்பிக்கு முன்னாடி நின்னுகினு பொய் சொல்லக் கூடாது மச்சான்," என்றான். அன்றைக்கு அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டினேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் ஜிம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் ஏசி போட்ட ஜிம்கள் வந்துவிட்டன. எங்களுடையது தகரக் கூரை. அந்த நேரத்தில்தான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு ஞானம் பிறந்தது. சோறு, சப்பாத்தி, கிழங்கு, பழம் எல்லாம் விஷம், கறியும் முட்டையும் மட்டும் தின்றால் மனிதன் மிருகபலம் பெறுவான் என்று வெளிநாட்டுக்காரர்கள் சட்டையைக் கழற்றிக் காட்டினார்கள். இதை நம் பக்கம் யாரும் செய்யவில்லை, நாம் முதலில் செய்தால் ஆள் வரும் என்று குணாவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "நீ போர்டு எழுது. நான் துன்னு காட்றேன்," என்றான். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

ஜப்பார் பாயிடம் மொத்தமாகக் கறிக்குச் சொல்லி வைத்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கத்தியைக் கீழே வைத்தார். மூன்று தலைமுறையாகக் கறிக்கடை வைத்திருக்கிற குடும்பம் அவருடையது. "கறி விக்கிற நானே சோத்தோடதான் மாஸ்டர் துன்றேன். பிரியாணில அரிசி எதுக்குப் போட்றோம், அழகுக்கா," என்று கேட்டார். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது என்று குணாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பத்து நாளில் குணாவுக்கு ஐந்து கிலோ இறங்கியது. நான் கூத்தாடினேன். இறங்கியது பெரும்பாலும் உடம்பிலிருந்த தண்ணீர் என்பது எனக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. உடனே ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினேன். குணா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், முன்னால் ஒரு தட்டு நிறைய வறுத்த கறி. கீழே 'சோறு இல்லை, சோர்வு இல்லை' என்று நானே யோசித்துக் கண்டுபிடித்த வாசகம். புதிதாகப் பதினாறு பேர் சேர்ந்தார்கள்.

மூன்றாவது மாதத்தில் குணாவின் பலம் சரியத் தொடங்கியது. தரையிலிருந்து கம்பியை இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்டில் அவன் கெட்டிக்காரன். இருநூற்றுப் பத்து கிலோவை ஒரு முறை அப்போதும் தூக்கினான். ஆனால் நூற்று எண்பதை ஐந்து முறை தூக்கச் சொன்னால் மூன்றாவதிலேயே கை விட்டுப்போனது. செவ்வாய்க்கிழமை செய்த பயிற்சியின் வலி சனிக்கிழமைவரை தீரவில்லை. தூக்கம் வரவில்லை என்றான். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். உடம்பு புது எரிபொருளுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள் என்றேன். அந்த வாக்கியமும் வீடியோவில் கேட்டதுதான். கறி மட்டும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. எங்கள் ஜிம்மிலேயே ஒருவர், தனக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது என்கிறார். அவரோடு எனக்கு வழக்கில்லை. குணாவின் உடம்பு அப்படி இல்லை, அதை அவன் உடம்பு என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

ஆறாவது மாதத்தில் அவன் பலம் திரும்பி வந்தது. ஒன்பதாவது மாதம் வலுதூக்கும் போட்டியில் இருநூற்று இருபத்தைந்தைத் தூக்கித் தங்கம் வாங்கினான். அவன் வாழ்நாளில் தூக்கிய அதிகபட்ச எடை அது. பார்த்தீர்களா, பழகிவிட்டது என்று எல்லாரிடமும் மார்தட்டினேன். 'ஒரு பருக்கை சோறு இல்லாமல் தங்கம்' என்று இரண்டாவது ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மே மாத வெயிலில் கதவும் சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. தட்டினேன். அவன் மனைவி மல்லிகா வெகுநேரம் கழித்துத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் வழிவிடாமல் நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் சமையலறைத் தரையில் குணா உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு குண்டான் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர். வாய் நிறையச் சோறு. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயது ஆள், ஏதோ அடுத்தவன் வீட்டில் திருடி மாட்டிக்கொண்டவன்போல.

நான்கு மாதமாகச் சாப்பிடுகிறானாம். காலையில் ஒரு முறை, ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு முறை. "ஒரு தபா தூக்கறதுக்கு கறி போதும் மச்சான். அஞ்சு தபா தூக்கறதுக்கும், மறுநாள் எந்திரிச்சு நடக்கறதுக்கும் எனக்கு சோறு வேணும்," என்றான். பிறகு, "ஒன் போர்டு கெட்டுடக் கூடாதுன்னுதான் சொல்லல," என்றான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, சரி, சாப்பிடு, ஆனால் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டாவது ஃபிளெக்ஸ் மறுநாள் வந்தது. கட்டினேன்.

இந்த இடத்தில் அவன் தங்கை மகள் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். குணா தாய்மாமன். அவன் பந்தியில் உட்காராமல் கல்யாணம் நிறைவாகாது. ஆனால் மண்டபத்தில் எங்கள் ஜிம் ஆட்கள் இரண்டு பேர் பெண் வீட்டு விருந்தாளியாக வந்திருந்தார்கள். குணா இலை பக்கமே போகவில்லை. வயிறு சரியில்லை என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னான். அவர்கள் நம்பவில்லை, சீர்வரிசையில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்தார்கள். தங்கை அழுதாள். அதற்குப் பிறகு அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கக் கூடாதா என்று நான் ஒப்புக்குக் கேட்டேன். "நம்மாளுங்க ரெண்டு பேரு அங்க கீறானுங்க. நான் இலைல குந்திட்டா நீ இன்னா பதில் சொல்லுவ," என்றான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நிர்மலா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குணாவின் ஃபிளெக்ஸைப் பார்த்துச் சேர்ந்தார். ஐந்து மாதம் கறியும் முட்டையுமாகவே இருந்தார். போன கார்த்திகையில் ஒரு மாலை, தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கும்போது கண் இருட்டி விழுந்தார். கம்பியை இரும்புத் தடுப்பு தாங்கிக்கொண்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் குணாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். "மன்னிச்சுக்கங்கண்ணா. உங்கள மாதிரி என்னால இருக்க முடியல. எனக்கு மனஉறுதி பத்தல," என்றார்.

குணா வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், கிளப்பவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினான். "அந்தப் பொண்ணு என்னாண்ட மன்னிப்பு கேக்குது மச்சான். சோத்த துன்னுட்டு வந்து நிக்கிறவனாண்ட. போர்ட கழட்டு," என்றான். ஜனவரியில்தான் புது வருடத் தீர்மானத்தோடு நிறையப் பேர் வந்து சேருவார்கள், பொங்கல் கழியட்டும், நானே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அவன் வண்டியைக் கிளப்பினான். ஆனால் காத்திருந்தான். என் பேச்சை நம்பி அவன் செய்த கடைசி முட்டாள்தனம் அது.

பொங்கல் வந்து போனது. நான் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை குணா ஜிம்முக்கு வந்தான், பயிற்சி செய்யவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடும்போது தான் சொல்லப்போவதாகச் சொன்னான். சனிக்கிழமை நசரத்பேட்டைக்குத் தங்கை வீட்டுக்குப் போனான். அங்கிருந்து திரும்பும்போதுதான் லாரி.

அவன் தங்கையை மறுநாள் பிணவறை வாசலில் பார்த்தேன். கல்யாணத்தில் ஏன் சாப்பிடவில்லை என்பதை அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டானாம். பிறகு தானே இலையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டானாம். "ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுச்சு," என்றாள். அதற்கு மேல் என்னோடு பேச அவள் விரும்பவில்லை.

ஜிம் ஆட்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தார்கள். கறித் தட்டோடு நிற்கும் அதே படம். 'இறைச்சி உணவின் இரும்பு மனிதன்' என்று போடலாமா மாஸ்டர் என்று கேட்டார்கள். தலையாட்டினேன். அந்தப் பேனர் குவார்ட்டர்ஸ் வாசலில் பதினாறு நாள் நின்றது. மல்லிகா அதைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போனாள், வந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் குணாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படம் முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஆறேழு பேர் ஜப்பார் பாய் கடையில் கறி வாங்கி, எண்ணெய்கூட அதிகம் இல்லாமல் அவன் சாப்பிடுகிற விதத்திலேயே வறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு அவன்மேல் உண்மையான பிரியம். மல்லிகா உள்ளேயிருந்து குண்டானோடு வந்து இலை நடுவில் சோற்றைக் கவிழ்த்தாள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், தயிர். எங்கள் ஆட்களில் ஒருவர் பதறிப்போய், "அக்கா, அண்ணன் சோத்த தொட மாட்டாரே, எடுத்துடுங்கக்கா," என்றார். இன்னொருவர் குனிந்து இலையை ஒரு பக்கமாக நகர்த்தக் கையை நீட்டிவிட்டார்.

மல்லிகா அவர் கையைத் தடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று நேரம் கொடுத்தாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஊதுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளே பேசினாள். சத்தம் போடவில்லை. "ரெண்டு வருசமா இந்த மனுசன் கதவ சாத்திகினு சோறு துன்னாரு. இன்னிக்கு ஒரு நாளாவது கதவ தொறந்து வெச்சு துன்னட்டும்," என்றாள். எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அன்று அங்கிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மல்லிகா சொன்னது புலம்பல் இல்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. குணா தூக்கிய இருநூற்று இருபத்தைந்து கிலோ சோறு தின்று தூக்கியது. அவனைப் பார்த்துக் கறி மட்டும் தின்று, படியேற முடியாமல், தூக்கமில்லாமல், குறை தன் மனஉறுதியில்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்று மதியம் சாப்பிடுங்கள். இதுவரை எழுதியதை நிர்மலாவுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மன்னிக்கிறேன் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது திரும்பி வரும்போதுதான் எனக்கே தெரிந்தது.

இறந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டோம் என்று சொல்லி முடிக்க வேண்டும். அவன் இடுப்பு பெல்ட்டை மல்லிகா கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. என்னிடம் இருப்பது வேறு. அந்த வியாழக்கிழமைப் பேச்சில் ஒரு பகுதியை மேலே எழுதாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன் என்று அவன் சொன்னதும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என் தோளில் கையைப் போட்டான். "பயப்படாத மச்சான். நாந்தான் திருட்டுத்தனமா துன்னேன், மாஸ்டருக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிறேன். எம் பேரு போனா போவுது. நீ ஜிம்ம பாரு," என்றான்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, பைக்கைத் திருப்பி, தெருமுனை போகும்வரை நேரம் இருந்தது. நான் "சரி" என்றேன். அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த "சரி" மட்டும்தான். அவன் திருடவில்லை. அவன் வீட்டில், அவன் மனைவி வடித்த சோற்றை அவன் சாப்பிட்டான். மாஸ்டருக்குத் தெரியும்.